ராட்டர்டாமிலிருந்து ஒரு நாள்: தாத்தா, அம்மாச்சி, இரண்டு பிள்ளைகளுடன்

போன வருஷம் மே மாதம் அப்பாவும் அம்மாவும் நாகப்பட்டினத்திலிருந்து எங்களைப் பார்க்க ராட்டர்டாம் வந்தார்கள். தொண்ணூறு நாள் விசா. அதற்குள் நெதர்லாந்தை முழுசாகக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. வந்த முதல் சனிக்கிழமையே ஆறு பேரும் கிளம்பினோம்: அப்பா, அம்மா, நான், என் கணவர், ஒன்பது வயது மகள், மூன்றரை வயது மகன். காலையில் ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்ப் படகு, மதியம் ஸான்ஸ ஸ்கான்ஸ் காற்றாலைகள், மாலையில் ஃபோலன்டாம் மீனவ ஊர். இதுதான் திட்டம்.

காற்றாலைகளோடு முடிந்துவிட்டது. மூன்று மணிக்கு அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பையன் அப்பாவின் தோளில் தூங்கிப்போனான். மகளுக்குப் பசி, அழுகை. ஃபோலன்டாம் பஸ் எங்கே நிற்கும் என்று நானும் கணவரும் ஆளுக்கொரு போனில் தேடிக்கொண்டிருந்தோம். பேசாமல் வீட்டுக்குத் திரும்பினோம். அன்று இரவு அப்பா சொன்னார்: "கும்பகோணத்துல ஒரே நாள்ல நவகிரகக் கோயில் ஒன்பதும் பார்க்கிற டூர் போவாங்கல்ல, அது மாதிரி ஆயிடுச்சும்மா. ஒரு கோயில் பார்த்தா சாமி நினைவுல நிக்கும். ஒன்பது பார்த்தா செருப்பு விட்ட இடந்தான் நினைவுல நிக்கும்."

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரே ஊர் என்று முடிவெடுத்தோம். வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டியதைச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. இது பையனிடமிருந்து கற்றுக்கொண்டது. போகும் வழியே ஒரு வேடிக்கையாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. படகு, பாலம் மேல் போகும் மெட்ரோ, தெருவுக்கு நடுவில் ஓடும் டிராம், இப்படி. ராட்டர்டாமில் இருப்பவர்களுக்கு இது சுலபம். இந்த ஊரைச் சுற்றி எங்கே திரும்பினாலும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே போனால் நல்ல இடங்களெல்லாம் வரிசையாக வந்துவிடும்.

இடங்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் டிக்கெட் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், முதல் நாளே நான் தப்புச் செய்தது அதில்தான். இங்கே ரயில், மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றிலும் டெபிட் கார்டையே காட்டிவிட்டு ஏறலாம். ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை. ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு கட்டாயம் வேண்டும். எனக்கு ஒரு முறை, அம்மாவுக்கு ஒரு முறை என்று ஒரே கார்டை இரண்டு தரம் காட்டினேன். இயந்திரம் இரண்டாவதை 'இறங்கியாச்சு' என்று எடுத்துக்கொண்டது. ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள் என்றால் கிளம்பும் முன்பே அவர்களுடைய வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும், தட்டிச் செலுத்தும் வசதியையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அப்பாவுடைய கார்டு அப்படித்தான் வேலை செய்தது. நான்கு வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. நான்கிலிருந்து பதினொன்று வரை பெரியவரோடு போனால் ரயிலில் மிகக் குறைந்த கட்டணம்தான், அதை ரயில் நிறுவனத்தின் ஆப்பிலேயே வாங்கிவிடலாம். இறங்கும்போது கார்டைக் காட்ட மறந்தால் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். இணையத்தில் திருத்தலாம், திருத்தியும் இருக்கிறேன். ஆனால் பிள்ளைகளோடு இறங்கும் அவசரத்தில் ஒருவர் அதற்கென்றே வாசலில் நின்று "கார்டு, கார்டு" என்று சொல்வது நல்லது. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள்.

சரி, இனி கிண்டர்டைக் என்ற காற்றாலை ஊர். ராட்டர்டாமில் இருந்துகொண்டு ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். எராஸ்மஸ் பாலத்துக்குப் பக்கத்தில் வாட்டர்பஸ் ஏறும் துறை இருக்கிறது. கோடையில் அங்கிருந்து நேராகவே படகு போகிறது. மற்ற மாதங்களில் நடுவில் மாற வேண்டியிருக்கும். அரை மணிக்குக் கொஞ்சம் கூடுதல் பயணம். படகில் தள்ளுவண்டி ஏறும், சைக்கிள் ஏறும். மாஸ் ஆற்றின் இரண்டு பக்கமும் கப்பல் கட்டும் பட்டறைகள், சரக்குப் படகுகள், அதில் துணி காயப்போட்டிருக்கும் குடும்பங்கள். பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தான்.

அங்கே 19 காற்றாலைகள் இருக்கின்றன. பெரும்பாலும் 1738, 1740 காலத்தில் கட்டியவை. 1997-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. மாவு அரைக்கிற ஆலை என்றுதான் அம்மா நினைத்திருந்தார். இவை தண்ணீர் இறைக்க வந்தவை. நிலம் தாழ்ந்து கிடக்கிறது, ஆறு மேலே ஓடுகிறது. நிலத்தில் ஊறும் நீரைக் காற்றாலைகள் இறைத்து உயரமான கால்வாயில் விட, அங்கிருந்து லெக் ஆற்றுக்குப் போகும். "நம்ம ஊர்ல ஏத்தம் போட்டு வயலுக்குத் தண்ணி இறைச்சோம். இவங்க வயலைவிட்டுத் தண்ணியை வெளியே இறைக்கிறாங்க" என்று அப்பா பிள்ளைகளுக்குச் சொன்னார். இதைவிட நன்றாக எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. இப்போது அந்த வேலையைப் பெரிய பம்புகள் பார்க்கின்றன. ஆனால் இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது காற்றாலைகளைத்தான் மறுபடி ஓட்டினார்கள். பெரும்பாலான ஆலைகளில் இன்னமும் குடும்பங்கள் குடியிருக்கின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள், அது ஒருவர் வீட்டு வாசல்.

கரை மேல் நடந்து பார்க்கக் காசு வேண்டாம். டிக்கெட் வாங்கினால் இரண்டு ஆலைகளுக்குள் ஏறிப் பார்க்கலாம், நடுவில் ஓடும் சின்னப் படகிலும் போகலாம். அம்மாவின் முழங்காலுக்காக டிக்கெட் வாங்கினோம், வாங்கியது நல்லதாகப் போயிற்று. பாதை சமதரைதான், ஆனால் நீளம். நிழல் கிடையாது, ஒதுங்க இடமும் குறைவு. படகு இல்லாவிட்டால் அம்மா முதல் ஆலையோடு திரும்பியிருப்பார். ஆலைக்குள் இருக்கும் ஏணி மிகச் செங்குத்து. முதுகுத் தூக்கியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஏற வேண்டாம். நானும் கணவரும் மாறி மாறி ஏறினோம். கீழ்த்தளத்தில் சுவருக்குள் அலமாரி மாதிரி கதவு போட்ட படுக்கை இருக்கிறது. அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு குடும்பமே தூங்கியிருக்கிறது என்றதும் மகள் அதைவிட்டு நகரவில்லை.

கிண்டர்டைக் என்றால் குழந்தைக் கரை என்று அர்த்தம். 1421-இல் வந்த பெருவெள்ளத்தில் ஒரு தொட்டில் மிதந்து வந்ததாம். உள்ளே குழந்தை, மேலே ஒரு பூனை. தொட்டில் சாயும்போதெல்லாம் பூனை எதிர்ப்பக்கம் தாவித் தாவிச் சாயாமல் பார்த்துக்கொண்டதாம். தொட்டில் ஒதுங்கிய கரை இது என்று கதை. படகில் போகும்போதே இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். எங்கள் பையன் அன்று முழுக்கப் பூனையைத் தேடிக்கொண்டே நடந்தான், அதனால் ஒரு தடவைகூடத் தூக்கச் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை, காற்று. நெதர்லாந்தில் நாங்கள் முதலில் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பூயன்ராடார் ஆப் அடுத்த இரண்டு மணி நேர மழையை நன்றாகவே சொல்லிவிடும், ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினால் தாண்டிவிடும். காற்று அப்படியல்ல, நாள் முழுக்க அடிக்கும். வானிலை அறிக்கையில் காற்று விசை ஐந்துக்கு மேல் போட்டிருந்தால் கிண்டர்டைக், கடற்கரை இரண்டையும் தள்ளிப்போட்டுவிட்டு மியூசியம் உள்ள ஊருக்குப் போங்கள். குடை பயன்படாது. ஜூன் மாதமானாலும் காற்றுப் புகாத ஜாக்கெட், பெரியவர்களுக்குக் காதை மூடும் தொப்பி. அம்மா ஜாக்கெட்டுக்கு உள்ளே சால்வையைச் சுற்றிக்கொண்டார். அதுதான் சரியான வழி.

அடுத்து நான் சொல்ல நினைப்பது ஹூக் ஃபன் ஹாலந்து என்ற கடற்கரை ஊர். இங்கே போகலாமா என்று நான் ரொம்ப யோசித்தேன். 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி வந்தபோது, நாங்கள் நாகப்பட்டினத்தில் இருந்தோம். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அவரிடம் படித்த பிள்ளைகள் அதில் உண்டு. அதற்குப் பிறகு அவர் கடற்கரைக்குப் போய் நான் பார்த்ததில்லை. கடைத்தெருவரைக்கும் வருவார், அதோடு திரும்பிவிடுவார். நாங்களும் கேட்டதில்லை. இங்கே பேரப்பிள்ளைகள்தான் கேட்டார்கள். "தாத்தா, மெட்ரோலயே கடலுக்குப் போலாம் தாத்தா."

உண்மைதான். 2023-இலிருந்து ராட்டர்டாம் மெட்ரோவின் பி வரிசை கடற்கரை வரைக்கும் போகிறது. நகரத்துக்குள் சுரங்கத்தில் ஏறி உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் மணல்மேட்டுப் பக்கம் இறங்கலாம். மாறவே வேண்டாம், படி ஏற வேண்டாம். தள்ளுவண்டிக்கும் முழங்கால் வலிக்கும் இதைவிட வசதியான கடற்கரை எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். பி வரிசையில் எல்லா வண்டியும் கடைசிவரை போகாது, முகப்பில் ஹூக் ஃபன் ஹாலந்து என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.

அப்பாவைக் கடலுக்குக் கூட்டிப்போகும் முன் வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போனோம். அதே பக்கத்தில், ஆற்றின் வாயில், மாஸ்லான்ட்கேரிங் என்று ஒரு புயல் தடுப்பு. இதற்கு மட்டும் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடக்கத் தூரம் அதிகம் என்பதால் நண்பர் ஒருவரின் காரில் போனோம். சைக்கிள் ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் என்றால் ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் போதும்.

முதலில் 1953-ஐச் சொல்ல வேண்டும். அந்த ஜனவரி 31 இரவு வடகடலில் புயல் அடித்து, பெரிய ஓதமும் சேர்ந்து, இந்த நாட்டின் தென்மேற்கில் கரைகள் உடைந்தன. 1,836 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் கடல் வாய்களை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். ராட்டர்டாமுக்குப் போகும் வாயை அடைக்க முடியவில்லை, துறைமுகம் பிழைக்க வேண்டும். அதனால் அதற்குக் கதவு வைத்தார்கள். 360 மீட்டர் அகல ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு எஃகுக் கதவு. ஒவ்வொன்றும் 22 மீட்டர் உயரம், 210 மீட்டர் நீளம். சாதாரண நாளில் கரையோரம் கொட்டடியில் நிற்கும். புயல் வந்தால் கொட்டடியில் தண்ணீரை நிரப்பி, கதவை மிதக்கவிட்டு, ஆற்றின் நடுவுக்குக் கொண்டுவந்து மூழ்கடிப்பார்கள். கதவைத் தாங்கும் உருண்டை மூட்டு மட்டும் பத்து மீட்டர் விட்டம். நம் தோள்மூட்டு மாதிரிதான், எல்லாப் பக்கமும் திரும்பும். மகள் தன் தோளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாள். 1997-இல் திறந்தது. மூடலாமா என்று கணினியே முடிவு செய்கிறது. 2023 டிசம்பர் 21 அன்று வந்த புயலில் தானாகவே மூடிக்கொண்டது. அப்போது நாங்கள் ராட்டர்டாம் வீட்டில்தான் இருந்தோம். மறுநாள் காலையில் செய்தி பார்த்துத்தான் தெரிந்தது.

அங்கே பார்வையாளர் மையம் இருக்கிறது, வழிகாட்டியோடு கதவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். வழிகாட்டி பேச்சு டச்சில் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வேறு மொழியில் ஏற்பாடு செய்து தருவார்களா என்று கேளுங்கள். நாங்கள் கேட்காமல் போய், என் கணவர் பாதி பாதியாக மொழிபெயர்த்தார். செப்டம்பர் வாக்கில் வருஷத்துக்கு ஒரு முறை கதவை மூடிச் சோதிப்பார்கள். அந்த நாளைத் தெரிந்துகொண்டு போனால் பிள்ளைகள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். விசா முடிந்துவிட்டதால் அப்பாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாப்ள, இது சுனாமியை நிறுத்துமா?" கணவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்ல மாமா. புயல்னா பல மணி நேரம் முன்னாடியே தெரியும், அதுக்குள்ள மூடலாம். சுனாமிக்கு இது இல்ல" என்றார். அப்பா தலையாட்டினார். உண்மையைச் சொன்னதுதான் அவருக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன். கதவின் வெள்ளைக் கம்பிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு, "சரி, கடலையும் பார்த்துடலாம்" என்றார்.

அன்று மணலில் ஒரு பெஞ்சு வரைக்கும்தான் வந்தார். அது போதும் என்று விட்டுவிட்டோம். பிள்ளைகள் தண்ணீரில் விளையாடினார்கள். ஜூலையிலும் வடகடல் குளிர்தான், பத்து நிமிஷத்தில் உதடு நீலம் பாரித்துவிடும். இரண்டு துண்டு, ஒரு மாற்று உடை, சூடாக ஏதாவது குடிக்க. ஃபிளாஸ்கில் சுக்குக் காபி கொண்டுபோனோம். கடற்கரையில் உயிர்காப்பாளர் சாவடி இருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி பறந்தால் கண்காணிப்பு உண்டு, அந்த எல்லைக்குள் இறங்கலாம். தனி மஞ்சள் என்றால் ஆபத்து. தனிச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஆரஞ்சு நிறக் காற்றுப் பை தொங்கினால் ரப்பர் மிதவைகளை எடுக்காதீர்கள், காற்று நடுக்கடலுக்கு இழுத்துப்போய்விடும். இதைப் பையனுக்கு ஒரு பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்தார் அப்பா. பெஞ்சில் உட்கார்ந்தபடியே. சின்னக் குழந்தையின் கையில் உங்கள் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுங்கள். வெயில் நாளில் அந்தக் கடற்கரை நிரம்பி வழியும், மணலில் எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

டெல்ஃப்ட் ரயிலில் கால் மணி நேரம்தான். காலையில் தூங்கி எழுந்து நிதானமாகக் கிளம்பினாலும் போதும். கால்வாய், கல் பாவிய தெரு, நீலப் பீங்கான். தள்ளுவண்டிக்கு அந்தக் கல்தரை கொஞ்சம் தொல்லை, பெரிய சக்கரம் உள்ள வண்டி நல்லது. புதிய தேவாலயத்தின் கோபுரத்தில் 376 படி. நானும் மகளும் மட்டும் ஏறினோம். மேலே போகப் போகப் படிக்கட்டு குறுகி, எதிரே வருபவருக்கு வழிவிடச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஏழெட்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்பேன். அப்பாவுக்கு டெல்ஃப்டில் பிடித்தது வேறு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு ஊர்களில் கிளை இருந்தது, அதில் டெல்ஃப்டும் ராட்டர்டாமும் உண்டு. அந்தக் கம்பெனியின் பழைய கட்டடம் ஔட டெல்ஃப்ட் கால்வாய் ஓரத்தில் இன்றும் நிற்கிறது. நாகப்பட்டினத்தை 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்து, 1690-இல் சோழமண்டலக் கரைக்கே தலைமையிடமாக்கி, 1781-இல் ஆங்கிலேயரிடம் விட்டவர்கள் இவர்கள்தான். "நம்ம ஊருக்கு வந்தவங்க கிளம்பின வாசல் இது" என்று சொல்லி அப்பா அதன் முன்னால் பேரன் பேத்தியை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

கௌடாவுக்கு வியாழக்கிழமை போக வேண்டும், ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை காலையில் பாலாடைக்கட்டிச் சந்தை. வண்டிச் சக்கரம் மாதிரி மஞ்சள் உருண்டைகளைச் சதுக்கத்தில் அடுக்கியிருப்பார்கள். சைவக் குடும்பங்களுக்கு ஒரு சொல்: பல பாலாடைக்கட்டிகளில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள். அம்மாவுக்காக நாங்கள் கேட்டுத்தான் வாங்கினோம், சைவ உறைபொருளில் செய்ததும் கிடைக்கிறது. ராட்டர்டாமிலிருந்து போகும் வழியில் நியூவர்கெர்க் என்ற ஊரைத் தாண்டும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கடல் மட்டத்துக்கு 6.76 மீட்டர் கீழே, நாட்டிலேயே தாழ்ந்த இடம் அங்கேதான். எங்கள் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மதுரோடாம் ஹேக் நகரில் இருக்கிறது. இந்த நாட்டின் முக்கியமான கட்டடங்களை 25-இல் ஒரு பங்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். டிக்கெட் விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. இணையத்தில் முன்கூட்டி வாங்கினால் குறையும். பத்து வயதுக்கு மேல் அவ்வளவு ஈர்ப்பு இருக்காது.

டோர்ட்ரெக்டுக்கும் வாட்டர்பஸ் போகிறது, ஒரு மணி நேரம். மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். கட்டுச்சோற்றைப் பிரித்து, போகிற வருகிற கப்பலை எண்ணிக்கொண்டே சாப்பிட்டோம். அன்றைக்கு வேறொன்றும் செய்யவில்லை, எல்லாப் பயணத்திலும் அம்மாவுக்குப் பிடித்தது அதுதான். அந்தப் பூனைத் தொட்டில் வந்த 1421 வெள்ளத்தில் உண்டான சதுப்புக்காடு, பீஸ்பாஸ், அங்கிருந்து பக்கம். கார் உள்ளவர்கள் அங்கே போய்ச் சத்தம் போடாத மின்படகு வாடகைக்கு எடுக்கலாம். நீர்நாய் மாதிரி, ஆனால் மரத்தைக் கடித்து அணை கட்டுகிற பீவர்கள் அங்கே உண்டு.

லெய்டன், மழை நாளுக்கு. ஸ்டேஷனிலிருந்து நடந்தே நாட்டுராலிஸ் இயற்கை வரலாற்று மியூசியத்துக்குப் போய்விடலாம். அங்கே டிரிக்ஸ் என்ற டைரனோசரஸ் ரெக்ஸ் எலும்புக்கூடு நிற்கிறது. 2013-இல் அமெரிக்காவின் மான்டானாவில் தோண்டியெடுத்தது, பேர் முன்னாள் ராணி பியாட்ரிக்ஸிடமிருந்து வந்தது. மாதிரி இல்லை, பெரும்பாலும் அசல் எலும்பு. பையன் முதலில் என் காலைக் கட்டிக்கொண்டான், பிறகு அங்கிருந்து வர மறுத்தான். இங்கேயே குடியிருப்பவர்கள் மியூசியம் கார்டு வாங்கிவிடுங்கள். ஒரு வருஷத்துக்கு நாடு முழுக்க நூற்றுக்கணக்கான மியூசியங்களுக்கு அது செல்லும், பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் காசு போச்சே என்ற வருத்தம் இருக்காது. அப்பாவுக்கு லெய்டன் என்றால் லெய்டன் செப்பேடுகள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜ சோழன் பள்ளிச்சந்தமாக, அதாவது மதப் பள்ளிக்கான கொடையாக, கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகளுக்கு இந்த ஊர்ப் பெயர்தான் நிலைத்தது. செப்பேட்டைப் பார்க்கும் திட்டம் எதுவும் எங்களிடம் இல்லை. பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரு கால்வாய்ப் பாலத்தில் நின்று அப்பா அந்தக் கதையைச் சொன்னார், ஒன்பது வயது மகள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு பள்ளிக்கூடத்தில் ஊரைப் பற்றிப் பேசச் சொன்னபோது அவள் அதைத்தான் சொன்னாளாம்.

சாப்பாடும் கழிப்பறையும், இந்த இரண்டையும் முன்னாலேயே யோசித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பல ஊர்களில் கடைகள் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். மதியம் இங்கே எல்லோரும் சாப்பிடுவது ரொட்டி. ஒரு நாள் சரி, ஒவ்வொரு வாரமும் பெரியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், சப்பாத்திச் சுருள், இவை நன்றாகத் தாங்கும். தயிர்ச்சோறு கோடையில் மதியத்துக்குள் புளித்துவிடுகிறது, பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டு எடுத்துப் போங்கள். தண்ணீர்ப் பாட்டில் வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கித் தருவது என்றால் வறுத்த உருளைக்கிழங்கோ, சர்க்கரை தூவிய குட்டி அப்பம் பாஃபர்ச்சஸோ போதும். மீன் சாப்பிடுகிறவர்கள் கடற்கரையில் கிபலிங் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். மாவில் முக்கிப் பொரித்த மீன் துண்டு, எங்கள் நாகப்பட்டினத்து ஆளான அப்பாவே ஒத்துக்கொண்டார். மிளகாய்த்தூள் மட்டும் நாங்கள் கொண்டுபோயிருந்தோம்.

கழிப்பறைக்குச் சில்லறையும் கார்டும் கையில் இருக்கட்டும், பல இடத்தில் காசு கொடுத்துத்தான் போக வேண்டும். மெட்ரோவிலும் டிராமிலும் கழிப்பறை கிடையாது. ஹோகநோட் என்ற ஆப் பக்கத்தில் உள்ள கழிப்பறைகளைக் காட்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அது எங்களுக்கு வழிகாட்டி ஆப்பைவிட முக்கியமாக இருந்தது. கழிப்பறை எங்கே என்று தெரியாததால்தான் பல வீடுகளில் அம்மாக்கள் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். கேட்டால் சொல்ல மாட்டார்கள். நாமாகத்தான் பார்த்து, "அம்மா, இங்க ஒண்ணு இருக்கு, போய்ட்டு வந்துடலாம்" என்று சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவு ஒரு தடவை 9292 ஆப்பில் வழியைப் பாருங்கள். வாரக்கடைசியில்தான் தண்டவாள வேலை வைப்பார்கள். ஒரு ஞாயிறு அதைப் பார்க்காமல் போய், ரயிலுக்குப் பதில் விட்ட பஸ்ஸில் தள்ளுவண்டியோடு நாற்பது நிமிஷம் நின்றுகொண்டு வந்தோம். ரயிலில் ஸ்பிரின்டர் என்ற சின்ன வண்டிகளில் பல நடைமேடைக்குச் சமமாக இருக்கும், முழங்கால் வலிக்காரர்களுக்கு அது சுலபம். இன்டர்சிட்டி என்ற விரைவு ரயில் இரட்டை அடுக்கு வண்டியாக இருந்தால், ஏறியதும் மேலேயோ கீழேயோ படிதான்.

ஜூலை கடைசி வாரம், ஊருக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, பெட்டி கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் அப்பா, "சாயங்காலம் அந்த மெட்ரோல போய்ட்டு வந்துடலாமா?" என்று கேட்டிருக்கிறார். எங்கே என்று அம்மா கேட்கவில்லை. வேலை முடிந்து ஐந்தரைக்கு எல்லோரும் கிளம்பினோம். கோடையில் பத்து மணிவரைக்கும் வெளிச்சம் இருக்கும், சாயங்காலம் கிளம்பினாலும் ஒரு முழு நாள் கையில் கிடைத்த மாதிரிதான்.

பெஞ்சில் செருப்பைக் கழற்றிவைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். இந்த ஊரில் அவர் வேட்டி கட்டி வெளியே வந்தது அன்று ஒரு நாள்தான். பையன் கையை உதறிக்கொண்டு உயிர்காப்பாளர் சாவடிப் பக்கம் ஓடிப்போய் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"தாத்தா, சிவப்பும் மஞ்சளும் இருக்கு. வாங்க, போலாம்."